கல்லிலும் செம்பிலும் வெட்டுக



திருவிழாக் காலத்தில் நாம் திருக்கோயிலை வலம் வருகின்றோம். கோட்டங்களில் எழுந்தருளியிருக்கும் தென்முகக் கடவுளையும் இலிங்கோற்பவரையும் கொற்றவையையும் கண்டு கைகூப்புகின்றோம். அத்திருவுருவங்களுக்குக் கீழே, அதிட்டானத்தின் குமுதத்திலும் பட்டிகையிலும், சுவரின் அரைத்தூண்களுக்கு இடையிலும், வரிவரியாக வெட்டப்பெற்றுள்ள எழுத்துகளை நம்முள் எத்தனை பேர் நின்று நோக்குகின்றோம்? அவை நம் கண்ணில் படாமைக்கு ஒரு காரணமும் உண்டு. சிற்பம் கல்லைச் சுற்றிலும் குறைத்து எஞ்சியதைத் திருவுருவாக்குவது. ஆதலின் அது வெளியே புடைத்து நின்று நம்மை அழைக்கின்றது. எழுத்தோ கல்லில் குறைத்த இடமே உருவாக அமைவது. நிழல் விழுந்தாலன்றி அது தோன்றாது. காலைக் கதிரோ மாலைக் கதிரோ சுவரின்மேல் சாய்ந்து விழும்பொழுது பள்ளந்தோறும் நிழல் தங்கி எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வருவதைக் காணலாம். உச்சிப்பொழுதில் அதே சுவர் வெறுங்கல்லாகத் தோன்றும். இவ்வாறு குடைந்து வெட்டும் கலையைப் பற்றியும், அக்கலையால் சைவம் பெற்ற பேற்றைப் பற்றியும் இன்று சில சொல்ல விழைகின்றோம்.

நம் முன்னோர் எழுத்தை எழுதினர் என்பதினும் கீறினர், பொறித்தனர், வெட்டினர் என்பதே பொருந்தும். பனையோலையில் எழுத்தாணியால் கீறுவர். கீறிய உடனே அவ்வெழுத்து கண்ணுக்குப் புலப்படுவதில்லை. விளக்குக்கரியோ வசம்புக் கரியோ எண்ணெயில் குழைத்து, அல்லது மஞ்சளும் பச்சிலைச் சாறும் கூட்டி, ஓலைமீது தடவித் துடைத்த பின்னரே கீறலில் கருமை தங்கி எழுத்து விளங்கும். ஓலையின் நரம்பு நீளவாட்டில் ஓடுவது. அந்நரம்போடு ஒத்து நெடிய நேர்கோடு இழுத்தால் ஓலை பிளக்கும்; புள்ளி அழுந்தக் குத்தினால் ஓலை துளைபடும். ஆதலின் ஏடெழுதுவோர் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமலேயே எழுதிச் சென்றனர். கல்வெட்டுகளிலும் பெரும்பாலும் அவ்வழக்கே தொடர்ந்தது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபாடின்றி நிற்கும். மெய்யும் உயிர்மெய்யும் ஒரு வடிவாக நிற்கும். படிப்பவர் தமிழறிந்தவராயிருந்து பொருள் நோக்கிப் பிரித்துக்கொள்ள வேண்டும். திருமுறை ஏடுகளில் பாட வேறுபாடுகள் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓலைக்கு வாழ்நாள் குறைவு. செல்லும் பூச்சியும் ஈரமும் அதன் பகை. நன்கு காத்த ஏடும் முந்நூறு ஆண்டினைக் கடப்பது அரிது. இடையில் ஒருவர் படியெடுத்து வைத்தால் நூல் வாழும். ஒரு தலைமுறை சோர்ந்தால் நூல் மாயும். தில்லையில் மூவர் திருப்பதிகங்கள் இருந்த அறை திறக்கப்பட்டபோது ஏடுகளைக் கறையான் புற்று மூடியிருந்தது என்றும், பாடல்களில் பெரும்பகுதி அழிந்துபட்டது என்றும் திருமுறைகண்ட புராணம் கூறுகின்றது. நம்பியாண்டார் நம்பியும் மன்னனும் மீட்டவை எஞ்சிய பகுதியே. இவ்வரலாற்றை நாம் எல்லோரும் பலமுறை கேட்டிருக்கின்றோம். கேட்டு, கண்ணீர் பெருக்கி, பின்பு மறந்தும் விடுகின்றோம். ஆனால் அக்காலத்தவர் மறக்கவில்லை என்பதற்குத் தில்லையிலேயே சான்று உண்டு. முதற் குலோத்துங்கனுக்கும் விக்கிரம சோழனுக்கும் படைத்தலைவனாக விளங்கிய மணவில் கூத்தன் காலிங்கராயன், நரலோகவீரன் எனப் பெயர் பெற்றவன், மூவர் பாடல்களைச் செப்பேட்டில் வெட்டுவித்துத் தில்லையில் வைத்தான் என்று அங்குள்ள கல்வெட்டுச் செய்யுள் கூறுகின்றது. கறையான் அரிக்க இயலாத ஏடு ஒன்றினை அவன் நாடினான் போலும்.

செம்பில் வெட்டுவது வேறொரு திறம். ஓலையின் வடிவிலே தகடு தட்டி, இடப்பக்கம் துளையிட்டு, வளையத்தில் கோத்து, வளையத்தின் வாயில் அரச முத்திரை பதிப்பர். முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடு 31 தகடுகளை உடையது. வடமொழிப் பகுதி முன்னும் தமிழ்ப் பகுதி பின்னுமாக அமைந்த அத்தகடுகளில் வரி கோணாமலும் எழுத்து நெருங்காமலும் செல்லும் அழகினைக் கண்டவர், வெட்டியவன் கூலிக்கு உழைத்தவன் என்று மட்டும் கருத மாட்டார். வெட்டியவர்களின் பெயரும் ஊரும் இறுதியில் இடம்பெற்றுள்ளன, அவர்கள் காஞ்சிபுரத்தவர். பெருவேந்தன் பெயரோடு ஒரே ஏட்டில் தம் பெயரும் நிற்கும் பேறு அவர்களுக்கு வாய்த்தது.

இனிக் கல்லுக்கு வருவோம். தமிழில் கல்வெட்டின் தொடக்கம் பாண்டி நாட்டு மலைக்குகைகளில், சமணத் துறவியர்க்கு அமைத்த கற்படுக்கைகளின் அருகே, காணப்படுகின்றது. மதுரையை அடுத்த மாங்குளத்துக் கல்வெட்டுகள் கிறித்துவுக்கு முற்பட்டவை. சைவராகிய நாம் இதனை ஒளிக்க வேண்டுவதில்லை. கல்லில் எழுத்து வெட்டும் மரபை நாம் பிறரிடமிருந்தும் பெற்றோம். பெற்றதனைக் கோயில்தோறும் பெருக்கினோம்.

கல்லில் வெட்டும் முறை இது. வாசகம் முதலில் ஓலையில் எழுதப்படும். அதனைக் கொண்டு கல்லின்மேல் காவியால் எழுத்துகளை எழுதிக் கொடுப்பர். கல்தச்சன் அக்கோட்டின்மீது உளியை வைத்துச் சிறுசுத்தியலால் தட்டிச் செல்வான். நம் நாட்டுக் கருங்கல் உளியின் முனையை விரைவில் மழுக்கிவிடும். உலைக்களத்தில் மீண்டும் மீண்டும் காய்ச்சிக் கூராக்கித் தோய்த்துத் தரவேண்டும். ஓலையில் தவறினால் வேறோலை எடுக்கலாம். கல்லில் தவறினால் செய்வதென்ன? விடுபட்ட எழுத்தை வரியின் கீழே சிறிதாக வெட்டிச் சேர்த்திருப்பதைப் பல கல்வெட்டுகளில் காண்கின்றோம். ஆயிரம் ஆண்டுக்கு முன்னர் ஒருவன் தன் வேலையைத் திரும்பப் படித்துத் திருத்தினான் என்பது அதனால் புலனாகின்றது.

முதலாம் இராசராசன் தன் இருபத்தாறாம் ஆட்சியாண்டின் இருபதாம் நாளன்று, அரண்மனையின் திருமஞ்சன சாலையில் இருந்து, தஞ்சைப் பெரிய கோயிலுக்குத் தான் கொடுத்தனவும், தன் தமக்கையார் கொடுத்தனவும், தன் தேவியர் கொடுத்தனவும், மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும் திருவிமானத்திலே கல்லில் வெட்டுக என்று திருவாய் மலர்ந்தருளினான். இவ்வாணையின் சிறப்பு, தான் கொடுத்ததோடு நில்லாமல் கொடுத்தார் எல்லோரையும் அது தழுவிச் செல்வதில் இருக்கின்றது. அவ்வரிகளைத் தொடர்ந்து படித்தால் பொன்னும் மணியும் மட்டுமல்ல, தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர் பெயரும், எந்தத் தெருவில் எந்த மனையில் அவர்கள் குடியிருந்தனர் என்பதும், எந்த ஊரிலிருந்து வந்தனர் என்பதும் வெளிப்படுகின்றன. திருப்பதியம் விண்ணப்பம் செய்யும் பிடாரர் 48 பேர், உடுக்கை வாசிப்பான் ஒருவன், கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவன் ஆக 50 பேருக்கு நாள்தோறும் ஆளுக்கு மூன்று குறுணி நெல் அளிக்க ஏற்பாடு செய்யப்பட்டதும், அவர்கள் பெயரும் அங்கே உள்ளன. திருப்பதியம் பாடுவார்க்கு வகை செய்தலைப் பல்லவர் காலத்துத் திருவல்லக் கல்வெட்டே சொல்லும். ஆனால் பாடியவரின் பெயரைத் தனித்தனியே அழைப்பது தஞ்சைக் கல். ஓதுவார் பரம்பரை அருகிவரும் இந்நாளில் அந்த ஐம்பது பெயர்களையும் விழாதோறும் ஒருமுறை வாய்விட்டுப் படித்தால் என்ன என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

சிறிய கொடைகளும் அவ்வாறே. நுந்தா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள் என்பது சோழநாட்டு வழக்கு. அவற்றை ஏற்றுக்கொண்ட இடையன் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். அவ்வாடுகளுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். ஆடு சாகும், மூக்கும். ஆனால் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கை குறையாமல் காக்கப்படுதலின் கணக்கில் அவை சாவதும் இல்லை, மூப்பதும் இல்லை. எவ்வளவு அழகிய சொல்! அரசனும் அல்லாத, அறிஞனும் அல்லாத யாரோ ஒரு கணக்கன் ஆக்கிய சொல்லாக இருத்தல் கூடும். அதனைக் காத்தது உளி.

வெட்டெழுத்து கொடைக்கணக்கு மட்டும் அன்று. புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலையில் சிகாநாதர் கோயிலின் பக்கத்தே உள்ள பாறையில் இசைச் சுரங்கள் பல்லவ கிரந்த எழுத்தில் 38 வரிகளாக வெட்டப்பட்டிருக்கின்றன. ஏழு பகுதிகள், ஏழும் ஏழு இராகங்களுக்குரியவை. ஒவ்வொரு சுரமும் அகர இகர உகர எகர ஈறு பெற்று நால்வகையாக வருகின்றது. இதனைச் செய்வித்த அரசன் தன்னை மகேசுவரனிடத்துப் பேரன்பு பூண்டவன் என்றும், உருத்திராசாரியாரின் மாணாக்கன் என்றும் சொல்லிக்கொள்கின்றான். தன் பெயரைச் சொல்லவில்லை. முதலாம் மகேந்திரவர்மனே அவன் என்று பலர் எழுதினர். எழுத்தமைதி ஏழாம் நூற்றாண்டினதாகத் தோன்றினும் பெயரில்லாத இடத்தில் பெயரை நாம் ஏற்றுதல் முறையன்று. இசை காற்றில் மறைவது. அதனைப் பாறையில் நிறுத்திவிட வேண்டும் என்று ஒரு சிவனடியார் கருதினார் என்ற அளவே நமக்குப் போதும்.

தாராசுரத்தில் இரண்டாம் இராசராசன் எடுப்பித்த திருக்கோயிலின் அடிப்பட்டியில் நாயன்மார் வரலாறுகள் சிறுசிறு புடைப்புச் சிற்பங்களாக உள்ளன. அவற்றோடு வெட்டியுள்ள சிறு எழுத்துகளே எந்தக் காட்சி எந்த அடியாருடையது என்று நமக்கு உரைப்பன. தில்லைக் கோபுரங்களில் 108 கரணச் சிற்பங்களோடு பரத நூலின் சுலோகங்கள் பொறிக்கப்பட்டிருப்பதும் அத்தகையது. தஞ்சையில் 81 கரணங்களுக்குச் சிற்பம் உண்டு. எஞ்சிய 27 கற்கள் வெட்டப்படாமலே நிற்கின்றன. இன்னும் எளியவை பல உண்டு. நடைபாதைக் கற்களில் எட்டுறுப்பும் தோய விழுந்து வணங்கும் அடியார் உருவத்தை வெறுங்கோடாகக் கீறி வைத்திருப்பர். அடியார் பாதம் தம்மீது பட வேண்டும் என்னும் வேட்கை அது. சுவரில் நில அளவுகோலின் நீளத்தை இருமுனைக் குறியுடன் வெட்டி வைத்திருப்பர். வழக்கு வந்தால் கோயிற் சுவரே தீர்ப்புச் சொல்லும். தரையில் ஆடுபுலி ஆட்டத்தின் கட்டமும் இருக்கும். வேலை ஓய்ந்த பொழுதில் யாரோ கீறியது. அதனையும் கோயில் தாங்கிக்கொண்டிருக்கின்றது.

இவை எல்லாவற்றினும் நம் நெஞ்சை உருக்குவது திருவிடைவாய். குடவாசலுக்கும் கொரடாச்சேரிக்கும் அண்மையிலுள்ள சிற்றூர் அது. திருஞானசம்பந்தர் அவ்வூர்மீது அருளிய பதிகம் ஏடுகளில் இல்லை. தேவாரப் பதிப்புகளிலும் இல்லை. பதிகம் பெற்ற தலங்கள் 274 என்றே கணக்கிட்டு வந்தனர். 1917ஆம் ஆண்டில் கல்வெட்டுத் துறையினர் அவ்வூர்க் கோயிற் சுவரைப் படித்தபோது, கொடைச் செய்தியை எதிர்பார்த்த இடத்தில் சம்பந்தர் பதிகம் ஒன்று வெட்டப்பட்டிருக்கக் கண்டனர். பல நூற்றாண்டுகளாக ஏடு தொலைந்து, ஓதுவார் நாவும் மறந்து போக, அத்திருப்பாடல் கல்லில் காத்துக்கிடந்தது. தேவார மூவர் பாடல்களில் கல்வெட்டால் மட்டுமே நமக்குக் கிடைத்த பதிகம் இது. ஒரு கல்தச்சன் சில நாட்கள் உளி பிடித்து உழைத்த உழைப்பு, ஞானசம்பந்தப் பெருமானின் ஒரு பதிகத்தை உலகுக்கு ஈந்தது. அச்சுவரின்மேல் இடையில் யாரேனும் சுதை பூசியிருந்தாலோ, திருப்பணி என்று கல்லைப் புரட்டி வைத்திருந்தாலோ, திருவிடைவாய் பாடல் பெற்ற தலம் என்பதே நமக்குத் தெரிந்திராது.

சுவரில் உள்ளது எவ்வாறு நூலுக்கு வருகின்றது என்பதனையும் சொல்ல வேண்டும். கல்வெட்டுத் துறையினர் முதலில் கல்லைத் தூரிகையால் நீரிட்டுக் கழுவித் தூய்மை செய்வர். நனைத்த தாளைக் கல்லின்மேல் ஒட்டி, மயிர்த்தூரிகையால் அடித்து அடித்துத் தாளை ஒவ்வோர் எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் இறங்கச் செய்வர். பின்பு மையில் தோய்த்த தோற்பொதியால் தாளின்மேல் ஒற்றுவர். மேட்டில் மை படியும், பள்ளத்தில் படியாது. உலர்ந்த தாளை உரித்தால் கரிய தளத்தில் வெண்ணிற எழுத்துகள் விளங்கும். இதற்கு மைப்படி என்று பெயர். மரத்திலே கோடு குடைந்து மை தடவி அச்சிடுவார் படத்திலும் குடைந்த கோடே வெண்மையாக நிற்கும். ஆயினும் அங்கே தாளில் இடவலம் மாறி விழும் என்று கருதி மரத்தில் எழுத்தைத் திருப்பிச் செதுக்க வேண்டும். மைப்படியில் தாளின் மேற்புறத்திலேயே மை ஒற்றப்படுவதால் எழுத்து நேராகவே வரும். இம்முறையில் நம் கோயிற் சுவர்களை ஒழுங்காகப் படியெடுக்கும் பணி, செருமானியரான ஊல்ச் என்பார் 1886இல் அரசினரின் கல்வெட்டறிஞராக அமர்ந்த பின்னர் விரைவு பெற்றது. தஞ்சைக் கல்வெட்டுகளை நூலாகத் தந்தவர் அவர். சைவ சமயத்தவர் அல்லாத அவருக்குச் சைவர் பட்டிருக்கும் கடன் பெரிது.

அச்சுத் தொழிலுக்கும் அடிப்படை வெட்டெழுத்தே. எஃகுத் துண்டின் நுனியில் எழுத்தைத் தலைகீழாகச் செதுக்கி, அதனைச் செம்புத் துண்டில் அடித்து, அப்பள்ளத்தில் ஈயத்தை உருக்கி வார்த்தால் அச்செழுத்து பிறக்கும். அவ்வாறு வார்த்த தமிழெழுத்தால் 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்ற 16 பக்க நூல் அச்சாயிற்று. 1679இல் அம்பலக்காட்டில் தமிழ் போர்த்துகீசிய அகராதி மரத்தில் செதுக்கிய எழுத்துகளால் அச்சிடப்பட்டது. 1713இல் தரங்கம்பாடியில் செருமனியிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் வேலை தொடங்கின. இவையெல்லாம் கிறித்தவப் பாதிரியார்களின் முயற்சிகள். நம்மவர் தாமே அச்சகம் வைத்துக்கொள்ள 1835 வரை காத்திருக்க நேர்ந்தது. அதற்குப் பின்னர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் சென்னைக்கு வந்து அச்சு யந்திரம் வாங்கி வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை 1849இல் நிறுவினார். 1852இல் பெரியபுராண வசனத்தை வெளியிட்டார். பிறர் தம் சமயம் பரப்பக் கொணர்ந்த கருவியை அவர்களிடமிருந்தே கற்றுத் தம் சமயத்துக்கு ஆக்கிக்கொண்ட நாவலர் பெருமானின் துணிவு வியத்தற்குரியது.

அச்சில் வந்துவிட்டதே, இனிக் கல் எதற்கு என்று வினவுவார் உளர். படியெடுத்தவை அனைத்தும் அச்சேறவில்லை. படியெடுக்கப்படாத சுவர்களும் உண்டு. அச்சேறியதிலும் ஐயம் எழுந்தால் மூலக் கல்லிடமே செல்ல வேண்டியிருக்கின்றது.

இவ்விடத்தில் திருப்பணி பற்றி மனம் திறந்து பேச வேண்டும். காவிரிக்கரைத் திருக்கோடிகாவில் பழைய கோயிலைச் செம்பியன் மாதேவியார் பத்தாம் நூற்றாண்டில் கற்றளியாகப் புதுப்பித்தார். பழைய கற்களில் முன்னோர் வெட்டிய சாசனங்கள் இருந்தன. அவர் செய்தது என்ன? ஒவ்வொன்றையும் படியெடுத்து, புதிய சுவரில் மீண்டும் வெட்டுவித்து, இதுவும் ஒரு பழங்கற்படி என்று தலைப்பில் குறிக்கவும் செய்தார். திருமழபாடியில் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் விமானத்தை இறக்கிப் புதிதாக எடுக்க ஆணையிட்டபோது, கல்வெட்டுகளையெல்லாம் முதலில் ஒரு புத்தகத்தில் எழுதிக்கொள்ளச் செய்தான். இராசேந்திரன் காலத்தில் அவை புதிய சுவரில் வெட்டப்பட்டன. தன் முன்னோர்க்குப் பகைவராயிருந்த பல்லவர் பாண்டியர் சாசனங்களையும் சோழர் அழிக்கவில்லை.

நம் காலத்தில் நடந்தது வேறு. சுவரைத் தூய்மை செய்கின்றோம் என்று காற்றழுத்தத்தால் மணலை வீசி அடிக்கும் முறை பல கோயில்களில் கையாளப்பட்டது. எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணமும் போயின. அவற்றோடு கல்லின் மேற்றோலும் போயிற்று. எழுத்து ஆழமில்லாப் பள்ளம். அதன் விளிம்பு மழுங்கினால் நிழல் விழாது. நிழல் விழாவிட்டால் எழுத்து இல்லை. அரசு அம்முறையை விலக்கியது. ஆயினும் சுவர்மேல் பளபளக்கும் வண்ணம் பூசுவதும், கல்வெட்டின்மேல் நன்கொடையாளர் பெயர்ப்பலகைக்கு ஆணி அடிப்பதும், பழங்கல்லைப் பெயர்த்துப் படிக்கட்டாக்குவதும் நின்றபாடில்லை. செய்பவர் பகைவர் அல்லர். பத்தி மிக்கவர்களே செய்கின்றனர். இதுதான் வருத்தம்.

சோழர்காலக் கல்வெட்டுகள் பலவற்றின் இறுதியில் இது பன்மாகேசுவரர் இரட்சை என்ற தொடர் வரும். கொடுத்தவன் மாய்வான், அரசன் மாறுவான், ஊர்ச்சபை கலையும் என்று எண்ணிய அவர்கள், சிவனடியார் கூட்டத்தின் காவலில் அவ்வறத்தை ஒப்படைத்துச் சென்றனர். அக்கூட்டம் இன்று இப்பந்தலில் அமர்ந்திருக்கின்றது. அத்தொடரில் குறிக்கப்பட்ட காவலர் நாமே. இதனைக் கேட்டு இல்லம் செல்லும் திருப்பணிக் குழுவினர், சுவரில் கை வைப்பதற்கு முன் கல்வெட்டுத் துறையினர்க்கு ஒரு மடல் எழுதினால் போதும், படியெடுத்துத் தருவார்கள்.

இறுதியாக ஒரு செய்தி. ஞானசம்பந்தப் பெருமான் அவதரித்த சீர்காழியில், சட்டைநாதர் கோயில் குடமுழுக்கின் பொருட்டு 2023 ஏப்பிரல் திங்களில் யாகசாலைக்கு மண் எடுத்தபோது, நிலத்தடியில் இருபதுக்கும் மேற்பட்ட ஐம்பொன் திருமேனிகளும், அவற்றோடு நானூற்றுக்கும் மேற்பட்ட செப்பேடுகளும் வெளிப்பட்டன. ஏடுகளைத் துடைத்துப் பார்த்தபோது அவற்றில் வெட்டப்பட்டிருந்தவை தேவாரத் திருப்பதிகங்கள். ஏதோ ஓர் இடர் நேர்ந்த காலத்தில், திருமேனிகளைப் புதைத்த கைகள் திருமுறையையும் அவற்றின் அருகே வைத்து மண்ணால் மூடியிருக்கின்றன. மண்ணுள் கிடந்தும் செல்லரிக்காத அத்தகடுகளில் பச்சைக் களிம்பின் இடையே எழுத்துகள் இன்னும் தெரிகின்றன.

திருச்சிற்றம்பலம்